கூட்டம் போட்டவன்

மூக்கு வரைவது சுலபம், சார். எங்கள் தொழிலில் பாதிப் பேர் மூக்கை வைத்தே வீடு கட்டியவர்கள். ஓர் அமைச்சரின் மூக்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் போதும், துணிச்சலான கார்ட்டூனிஸ்ட் என்று பெயர் வந்துவிடும். அமைச்சரும் மறுநாளே ஆளனுப்பி அசல் படத்தை வாங்கி வரவேற்பறையில் மாட்டிக்கொள்வார். கஷ்டமானது வாய்தான். வாய் அமைந்துவிட்டால் அப்புறம் மூக்கே வேண்டாம். வாய் வரையத் தெரிந்தவர்கள் எங்கள் பத்திரிகையில் இரண்டு பேர் என்று சொல்வார்கள். அந்தக் கணக்கில்தான் எனக்குச் சந்தேகம்.

டீக்கு நன்றி. நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள். இது நீங்கள் முடித்து வைத்த வழக்கு என்று எனக்குத் தெரியும். அடித்தவர்கள் உள்ளே இருக்கிறார்கள், அதில் தவறொன்றும் இல்லை. அடித்தது அவர்கள்தான். நான் வந்திருப்பது படத்தைப் பற்றிப் பேச.

இறந்துபோனவர் என் தங்கையின் கணவர். ஊருக்கு அவர் ‘கொசு’. கையெழுத்துக்குப் பதிலாகப் படத்தின் மூலையில் ஒரு கொசுவை வரைவார், அதனால் வந்த பெயர். தங்கை அவரைக் கட்டிக்கொண்டபோது கடைப் பலகைகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். நான்தான் பத்திரிகைக்குக் கூட்டி வந்தேன், எனக்குக் கூட்டம் போட.

கூட்டம் போடுவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். படத்தில் முன்னால் நிற்கும் முக்கியஸ்தர்களைப் பெரிய ஓவியர் வரைவார். பின்னால் மக்கள் திரள் இருக்கிறதே, அந்தத் தலைகளையெல்லாம் இன்னொருவர் மை போட்டு நிரப்பி, நேராக அச்சுக்கு அனுப்பிவிடுவார். எங்கள் அலுவலக வழக்கம் அது. கூட்டம் போட்டவர் கையெழுத்துப் போடுவதில்லை. ஆசிரியர் வசனத்தைப் பார்ப்பார், வக்கீல் முன்னால் நிற்கும் ஆளைப் பார்ப்பார். கூட்டத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. நிஜத்திலும் அப்படித்தானே.

எனக்குக் கூட்டம் போட்டவருக்கு ஒருநாள் நான் கூட்டம் போட ஆரம்பித்தேன். ஆசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கருத்துச் சுதந்திரத்துக்காகக் கழுத்தையும் கொடுப்பேன் என்று மேடையில் முழங்குபவர் அவர். கீழே இறங்கியதும் விளம்பரப் பிரிவைக் கேட்காமல் கமா கூடப் போடமாட்டார். “முதல் பக்கத்தைக் கொசு பார்க்கட்டுமே. நீங்க ரெண்டாம் பக்கம் வாங்க. ஆழமா யோசிக்கிற வாசகர்கள் அங்கதான் இருக்காங்க” என்றார். முதல் பக்கத்தில் கொசுவின் படம் வரும் இடத்துக்கு நேர் பின்னால், இரண்டாம் பக்கத்தில் என் படம் வந்தது.

தங்கை தினமும் கணவர் படத்தைக் கத்தரித்துச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டுவாள். பசையைப் பின்பக்கம்தானே தடவவேண்டும். அந்தக் கதவு முழுக்க, சார், என் படங்கள் முகம் குப்புற ஒட்டிக்கிடந்தன. அவளுக்கு அது தோன்றவே இல்லை. “இன்னிக்கு இவர் போட்டதைப் பாத்தியாண்ணே, சிரிச்சுச் சிரிச்சுப் பாலைப் பொங்கவிட்டுட்டேன்” என்பாள். என் படத்தைப் பற்றிக் கேட்டால், “உன்னுது எப்பவும் நல்லாத்தாண்ணே இருக்கும்” என்பாள். சின்ன வயதில் என் படங்களுக்கு வண்ணம் அடித்துத் தந்தவள் அவள். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

பிறகு அந்தச் சிறப்புப் பக்கம் வந்தது. வேறெங்கோ ஒரு கார்ட்டூனிஸ்டைப் படம் போட்டதற்காகச் சிறையில் வைத்துவிட்டார்கள். எங்கள் இனமே திடீரென்று முக்கியமாகிவிட்டது. கருத்தரங்கம், கறுப்புப் பட்டை, கண்டனக் கூட்டத்தில் யார் முன்வரிசை என்று தள்ளுமுள்ளு. சிறைக்குப் போனவர் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த முன்வரிசையில் குறைவு. எங்கள் ஆசிரியருக்கு ஒரு யோசனை உதித்தது: கார்ட்டூனிஸ்டுகள் தங்களைத் தாங்களே கேலி செய்து ஒரு பக்கம் வரையவேண்டும்.

நான் கண்ணாடி முன்னால் நிற்கும் ஓவியனை வரைந்தேன். கண்ணாடிக்குள் சிங்கம் தெரியும். ஆசிரியர் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். “ஆழமா இருக்கு. கீழ ரெண்டு வரி விளக்கம் போட்டுடலாமா?” என்றார்.

கொசு வரைந்தது ஒரு நீதிமன்றம். கூண்டில் கார்ட்டூனிஸ்ட், ஜன்னலுக்கு வெளியே கம்பும் கல்லுமாகப் பெருங்கூட்டம். நீதிபதி கேட்கிறார்: “இவங்க எல்லாரும் படத்தைப் பார்த்து மனசு புண்பட்டவங்களா?” குமாஸ்தா சொல்கிறார்: “இல்லைங்க ஐயா, படம் நாளைக்குத்தான் வருது.”

அலுவலகமே சிரித்தது. கணக்குப் பிரிவிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் சிரித்தேன். இத்தனை வருடங்களில் எனக்கு அப்படி ஒரு வரி வந்ததில்லை என்பது சிரிக்கும்போதே தெரிந்தது.

அவர் படத்தை என் மேசையில் வைத்தார். “மச்சான், கூட்டம் மட்டும் போட்டு அனுப்பிடுங்க. பாப்பாவுக்குக் கண்ணாடி மாத்தணும், டாக்டர் கிளம்பிடுவாரு.”

“யாரையெல்லாம் போட மாப்ளே?”

“உங்க இஷ்டம். கோவமா இருந்தாச் சரி.”

கட்சிக்காரர்கள் பெரியவர் என்று கூப்பிடும் தலைவரை உங்களுக்குத் தெரியும். அவர் கண்ணசைத்தால் கடைகள் மூடும். அந்தச் சமயம் அவருக்குப் பக்கவாதம் வந்து வாய் ஒருபக்கம் இறங்கிவிட்டிருந்தது. எல்லாப் பத்திரிகைகளும் பழைய புகைப்படத்தையே போட்டுக்கொண்டிருந்தன. யாரும் உத்தரவு போடவில்லை. போடத் தேவையும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் மட்டும் அவரை நேரில் பார்த்திருந்தேன், ஒரு நிமிடம் இருக்கும்.

கூட்டத்தின் மூன்றாவது வரிசையில் அவரை வைத்தேன். இரண்டு தொண்டர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடிக்க, கையில் ஒரு கல். அந்த வாயை ஒரே கோட்டில் போட்டேன். மேலிருந்து சரிந்து, ஓரத்தில் லேசாக நடுங்கி, ஈரத்தில் முடியும் கோடு. திருத்தவே இல்லை. போட்டு முடித்ததும் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். என் வாழ்க்கையிலேயே நான் போட்ட நல்ல கோடு அதுதான். பக்கத்திலேயே மூலையில் கொசு உட்கார்ந்திருந்தது.

என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும், சார். இத்தனை வருடம் பத்திரிகையில் இருந்துவிட்டு இதுகூடத் தெரியாது என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

படம் வந்த காலையில் கொசு எனக்குப் போன் செய்தார். “மச்சான், அந்த வாய்... தெரியாம விழுந்துடுச்சா?”

“கை வழுக்கிடுச்சு மாப்ளே.”

பிறகு சொன்னார்: “சரி, விடுங்க. கூட்டமும் நான்தான் போட்டேன்னு ஆசிரியர்கிட்ட சொல்லிட்டேன். மூலையில இருக்கறது என் கொசுதானே. உங்க பேரு வெளிய வரவேண்டாம்.”

இந்த இடத்தைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். அதுவரை எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. எழுந்துபோய் ஆசிரியரிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்திருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்த வாயையும் அவர் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். அதற்குப் பெயர் பெருந்தன்மை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

“வீட்டைவிட்டு வெளியே வராதீங்க மாப்ளே. நான் பாத்துக்கறேன்” என்றேன்.

தங்கையையும் குழந்தையையும் என் வீட்டுக்கு வரச் சொல்லி முந்தின நாளே ஏற்பாடு செய்திருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் மிருகம் இல்லை. மதியம் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. நான்தான் எடுத்தேன். மரியாதையான குரல். “படம் போட்டவர் வீடு எங்க சார்? நேர்ல பார்த்துப் பாராட்டணும்.” மருந்துக்கடைக்குப் பின்னால், பச்சை கேட் என்றேன். தாழ்ப்பாள் சரியாக விழாது, தள்ளினால் திறந்துகொள்ளும் என்றும் சொன்னேன். கேட்டவரை அலைய விடுவது எனக்குப் பழக்கமில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழிக்கவில்லை. அடித்தவர்கள் அவருடைய வலது கைவிரல்களை மட்டும் தனியாக நேரம் எடுத்துக் கவனித்திருந்தார்கள்.

மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் உடைந்த பென்சில் வந்தது. எங்களில் ஒருவர் செத்தால் நாங்கள் பென்சிலை உடைப்போம், அதற்குமேல் கற்பனை ஓடாது. ஒருவர் மட்டும் பேனாவை உடைத்திருந்தார், புதுமைப் பிரியர். எனக்குக் கை ஓடவில்லை. ஆசிரியர் என் கட்டத்தைக் காலியாகவே அச்சிட்டார். அந்த வெற்றுக் கட்டத்துக்கு வந்த பாராட்டு என் எந்தப் படத்துக்கும் வந்ததில்லை.

அப்போதுகூட நான் இங்கே வரவில்லை. போன மாதம்தான் கொசுவின் படங்களைப் புத்தகமாகப் போட்டார்கள். முன்னுரை எழுதிய விமர்சகர் மூன்று பக்கம் அந்த வாயைப் பற்றியே எழுதியிருக்கிறார். ஒரு கோட்டுக்குள் அதிகாரத்தின் முதுமை முழுவதும் அடங்கிவிட்டதாம். எனக்குப் பிடிக்காத ஆள்தான், ஆனால் மனிதருக்குக் கண் இருக்கிறது. அட்டையில் போட்டிருப்பதும் அந்த முகம்தான். பக்கத்தில் கொசு.

நேற்று தங்கை வீட்டுக்குப் போனேன். அந்த முகத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அதன் முன்னால் நின்று சொன்னாள்: “மத்ததெல்லாம் சிரிக்க வைக்கிற படம்ணே. இது ஒண்ணுதான் அப்படியே உயிரோட இருக்கு. இதை எப்படித்தான் போட்டாரோ.” சொல்லிவிட்டு அந்த வாயை விரலால் தொட்டாள். என் கோடு போன திசையிலேயே அவள் விரலும் போனது, மேலிருந்து கீழே.

எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. நேராக இங்கே வந்துவிட்டேன்.

கொலை, உடந்தை, சதி, உங்கள் சட்டத்தில் என்ன பெயரோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஒரேயொரு உதவி மட்டும் செய்யுங்கள். தங்கையிடம் யாராவது போய்ச் சொல்லத்தானே வேண்டும். அந்த வாயைப் போட்டது உன் அண்ணன் என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் அவள் சந்தோஷப்படட்டும். மற்றதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.