அறுபதா, நூத்தி நாப்பத்தி நாலா

கௌசிகா: ...அதத்தானுங்ணா நானுஞ் சொல்றேன். ஃபோர்கேன்னா புள்ளி நெறைய, படம் அத்தன தெளிவா இருக்கும். ஆனா இந்த மானிட்டர் அறுபது ஹெர்ட்ஸ்தான். ஒரு செகண்டுக்கு அறுபது தடவதான் படம் மாறும். கேம் வெளையாடறவங்களுக்கு ஆகாதுங்க.

ஆனந்தகுமார்: வெளையாடறவனுக்குத்தான அம்மிணி ஆகாது? இது எம்பட சம்சாரத்துக்கு. கல்யாண ஆல்பம் டிசைன் பண்றா. அவளுக்குப் புள்ளிதான் வேணும்.

கௌசிகா: அப்ப உங்களுக்குங்ணா?

ஆனந்தகுமார்: நான் வெளையாட்ட நிறுத்திப்போட்டேன்.

செல்வப்பிரியா: எப்பங்க நிறுத்துனீங்க?

ஆனந்தகுமார்: காத்தால. வேலந்தாவளத்துல வண்டிய எடுக்கறப்ப.

செல்வப்பிரியா: எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல...

ஆனந்தகுமார்: இப்பச் சொல்லிட்டன்ல. அம்மிணி, பழச வண்டியில கொண்டாந்திருக்கறோம். இருவத்தி நாலு இஞ்சு, நூத்தி நாப்பத்தி நாலு ஹெர்ட்ஸ். அத எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிட்டு இந்த ஃபோர்கேயப் போட்டுத் தாங்க.

கௌசிகா: நூத்தி நாப்பத்தி நாலக் குடுத்துட்டு அறுபதுக்கா போறீங்க? சித்தூர் காலேஜ் பசங்க அதக் கேட்டுத்தானுங்ணா தெனமும் இந்தக் கடைக்கு வர்றாங்க.

ஆனந்தகுமார்: அவனுகளே வெச்சுக்கட்டும். அவனுகளாலதான் இந்த முடிவே.

செல்வப்பிரியா: ஏனுங்க மாமா, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?

ஆனந்தகுமார்: ஒண்ணுமில்ல, வுடு.

செல்வப்பிரியா: சொல்லுங்க.

ஆனந்தகுமார்: போன ஞாயித்துக்கெழம எங்கூட கேம் வெளையாடற டீம் பசங்க, அந்தக் காலேஜ் பசங்கதான், நாலு பேரும் நம்ம தென்னந்தோப்புக்கு வந்தானுக. எளநி வெட்டிக் குடுத்தேன். குடிச்சுப்போட்டு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கறானுக. அப்புறம் மெதுவா, அண்ணா, உங்க அனுபவத்துக்கு நீங்க எறங்கி வெளையாடறதே வேஸ்டுங்கறான் ஒருத்தன். இனி நீங்க கோச்சா இருந்து எங்களுக்குச் சொல்லிக் குடுக்கோணும்ங்கறான் இன்னொருத்தன்.

செல்வப்பிரியா: கோச்சுன்னா பெரிய பதவிதானுங்க?

ஆனந்தகுமார்: ஆமா. உழுகாத எருத்துக்கு மால போட்டுக் கட்டுத்தரையில கட்டுன கத.

கௌசிகா: ...மன்னிச்சுக்குங்ணா. சிரிக்கக் கூடாதுன்னுதான் பாத்தேன்.

ஆனந்தகுமார்: சிரிங்க அம்மிணி, தப்பில்ல. எனக்கு வயசு முப்பத்தெட்டு முடியப் போவுது. கேம்ல ஒருத்தன் எதுத்தாப்ல வர்றான், நான் சுடறதுக்குள்ள அவன் சுட்டுப்போட்டுப் போயிர்றான். படமே இழுத்து இழுத்து வர்ற மாதிரி இருக்குது. எட்டு மாசமா இதே எழவு. பொன்னாங்கண்ணிக் கீரையெல்லாம் தின்னு பாத்துட்டேன்.

செல்வப்பிரியா: அதுக்குத்தான் வாரத்துக்கு நாலு நா கீர வாங்கியாந்தீங்களா? எனக்கு ரத்தங் கம்மின்னு டாக்டர் சொன்னாங்களே, அதுக்குன்னு நெனச்சேன்...

ஆனந்தகுமார்: ரெண்டு பேருத்துக்குந்தான். ஆனா எனக்கு ஏறல. கண்ணு மந்தமாயிருச்சு புள்ள. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்குது, இல்லைங்கல. நாளெல்லாம் தேங்கா, மட்ட, ஆள் வரல, மோட்டார் ஓடலன்னு கெடந்துட்டு, பொழுது எறங்கி ஒரு மணி நேரம் அதுல உக்காந்தா நான் வேற ஆளு. இனி அது இல்ல. செரி... நீயாச்சும் நல்ல ஸ்கிரீன்ல வேல பாரு.

செல்வப்பிரியா: இப்படிச் சொல்லிக் குடுத்தா எனக்கெதுக்குங்க அது?

கௌசிகா: பழசக் கொண்டாங்ணா. ஒருக்கா மாட்டிப் பாத்துட்டு ரேட்டுச் சொல்றேன்.

செல்வப்பிரியா: மாட்டிப் பாக்கோணுமா என்ன? நல்லாத்தானுங்க இருக்குது. ஒரு கீறல் கெடையாது.

கௌசிகா: மாட்டாம எடுத்தா ஓனர் என்னைய வைவாருங்க்கா. ரெண்டு நிமிசந்தான்.

செல்வப்பிரியா: நேரமாவுதுங்க மாமா... வெயிலுக்கு முன்னாடி ஊடு போலாம்னீங்க.

ஆனந்தகுமார்: இரு புள்ள, அவங்க சோலிய அவங்க பாக்கட்டும். இந்தாங்க அம்மிணி... பெட்சீட்டுல சுத்தியிருக்குது, பாத்து.

கௌசிகா: வயரு இங்க... ம், வந்துருச்சு. பாருங்ணா, சின்னக் கட்டம் ஒண்ணு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுது. இதத்தான் எல்லாத்துக்கும் ஓட்டிப் பாப்போம்.

ஆனந்தகுமார்: இருங்க, மறுக்கா ஓட்டுங்க.

கௌசிகா: என்னங்ணா?

ஆனந்தகுமார்: என்ன அம்மிணி இது, இத்தன வழவழன்னு போவுது?

கௌசிகா: உங்களுதுதானுங்ணா.

ஆனந்தகுமார்: எங்களுது இப்பிடி ஓடாது. ஊட்டுல தட்டித் தட்டியில்ல போவும்.

கௌசிகா: அப்பிடியா? செத்த அக்கட்டத் திரும்பி நில்லுங்க. நான் அறுபதுலயும் நூத்தி நாப்பத்தி நாலுலயும் மாத்தி மாத்தி வெக்கறேன், எது வேகம்னு சொல்லுங்க பாக்கலாம்... ம், இப்ப பாருங்க.

ஆனந்தகுமார்: இது மந்தம்.

கௌசிகா: இப்ப?

ஆனந்தகுமார்: இது நல்லாப் போவுது. மறுக்காத் திரும்பறேன்... இதும் நல்லதுதான். மாத்தாமயே ஏமாத்தறீங்களா?

கௌசிகா: மூணுஞ் செரி. மாத்தாததக்கூடக் கண்டுபுடிச்சுட்டீங்க. உங்க கண்ணுக்கு ஒரு கேடுமில்லீங்ணா. இங்க வர்ற பசங்களே இதுல தடுமாறுவாங்க.

ஆனந்தகுமார்: அப்ப ஊட்டுல?

கௌசிகா: பெட்டி மேல நூத்தி நாப்பத்தி நாலுன்னு போட்டிருந்தாப் பத்தாதுங்க. கம்ப்யூட்டர் செட்டிங்லயும் அதையே வெக்கோணும். உங்க ஊட்டுல அறுபதுல கெடக்குதாட்ட இருக்குது.

ஆனந்தகுமார்: வாங்குனப்பவே பசங்க வந்து வெச்சுக் குடுத்தானுகளே...

கௌசிகா: அப்பறமா யாராச்சும் மாத்தியிருப்பாங்க.

செல்வப்பிரியா: அம்மிணி... குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமுங்களா?

கௌசிகா: மாடியில இருக்குதுங்க்கா. எடுத்தாறேன்.

ஆனந்தகுமார்: ...பிரியா.

செல்வப்பிரியா: ம்.

ஆனந்தகுமார்: ஏம்புள்ள தலையக் குனிஞ்சுக்கற?

செல்வப்பிரியா: நாந்தானுங்க மாத்துனேன்.

ஆனந்தகுமார்: எப்ப?

செல்வப்பிரியா: தைப்பூசத்துக்கு மறுநா. ஆல்பம் பண்றப்ப ஸ்கிரீன் சிமிட்டிக்கிட்டே இருந்துது. ஆல்பம் பிரிண்ட் போடற லேப்காரருக்குப் போன் போட்டேன். அறுபதுல வெச்சுப் பாருங்கன்னாரு. வெச்சேன், நின்னு போச்சு.

ஆனந்தகுமார்: செரி, வேலைக்காக வெச்ச. திருப்பி வெக்க மறந்துட்ட... அதானே?

செல்வப்பிரியா: மொதல் ஒரு வாரம் மறந்துட்டேனுங்க.

ஆனந்தகுமார்: அப்புறம்?

செல்வப்பிரியா: அப்புறம் மறக்கல.

ஆனந்தகுமார்: எட்டு மாசம் புள்ள... எட்டு மாசமா நான் கண்ணு போச்சுன்னு நெனச்சுட்டிருக்கறேன்.

செல்வப்பிரியா: கண்ணுன்னு நெனப்பீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க மாமா. வெளையாட்டுதான, தோத்தாத் தோக்கட்டும்னு நெனச்சேன். முன்னயெல்லாம் சோறு போட்டு வெச்சுட்டு நாலு தடவ கூப்புடுவேன். இந்தா ஒரு ஆட்டம், இந்தா ஒரு ஆட்டம்பீங்க. சோறு ஆறி அவுலாப் போவும். தோக்க ஆரம்பிச்சதுக்கப்பறம் நீங்களே எந்திரிச்சு வந்தீங்க. நான் அதே ஸ்கிரீன்ல ஆல்பம் பண்றப்பப் பக்கத்துல உக்காந்து, யாரோ ஊட்டுக் கல்யாணப் போட்டாவப் பாத்து, இந்தப் பொண்ணோட சித்தி ஏன் எல்லாப் போட்டாவுலயும் மொறைச்சுட்டே நிக்குதுன்னு கேட்டீங்க. சிரிச்சு சிரிச்சு எனக்குப் பொரையேறிப் போச்சு... எனக்கு அது புடிச்சுருந்துதுங்க. தப்புத்தான். ஃபோர்கே வேண்டாம். இதையே ஊட்டுக்குக் கொண்டு போயி நானே திருப்பி வெக்கறேன், நீங்க வெளையாடுங்க. கோவமுங்களா?

ஆனந்தகுமார்: கோவந்தான்... ஆனா உங்கிட்டக் கோவிச்சுக்க எனக்கு மூஞ்சி இல்ல புள்ள. தோத்துப்போட்டு எந்திரிச்சு வந்தது மொதல் ஒரு மாசந்தான். அதுக்கப்பறம் பாதிக்குப் பாதி நா, அந்த மந்தத்துலயும் ஜெயிக்கப் போறேன்னு தெரிஞ்சும் கேம ஆஃப் பண்ணிப்போட்டுத்தான் உம்பட பக்கத்துல வந்து உக்காந்தேன்.