தலை குனியாத புல்லாங்குழல்

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, உட்கார்ந்தால் கிறீச்சிடும். ஒலிப்பதிவு நடந்த காலத்தில் அதை மாடிப்படிக்குக் கீழே தள்ளி வைத்திருந்தோம். இப்போது பதிவு எதுவும் இல்லாததால் மறுபடியும் கூடத்துக்கு வந்துவிட்டது. இதில் உட்காருங்கள். மெதுவாகப் பேசுவோம், மனைவி உள்ளே மதியத் தூக்கத்தில் இருக்கிறாள். பின்னால் மெல்ல ஓடுகிறதே, அது என் இசைதான். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று தெரியும். அவள் மைக்கில் வாசித்த பழைய கதைகளை மறுபடி வெளியிட ஒலிக்கதை நிறுவனம் முடிவு செய்தது. என்னிடமிருந்த கோப்புகளை வாங்கி, புதிய ஒலித்தொகுப்பாளரான உங்களிடம் கொடுத்தார்கள். திறந்தீர்கள், பார்த்தீர்கள். "சார், ஒரு செட்டிங் தலைகீழா கெடக்குது, தெரியாம நடந்திருக்குமோ?" என்று போனில் எவ்வளவு மரியாதையாகக் கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். ஆனால் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த வேலையைக் கைத்தவறு என்று சொல்லிக்கொள்ள மனசு வரவில்லை. கோப்புகளை அப்படியே கொடுத்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். தொழில் தெரிந்த ஒருவராவது பார்க்க வேண்டாமா?

நான் இசையமைப்பாளன். என் இசையை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். காப்பீட்டு அலுவலகம் ஒன்றுக்குப் போன் செய்தால், காத்திருக்கச் சொல்லிவிட்டு ஒரு புல்லாங்குழல் வருமே, அது என்னுடையது. நிஜப் புல்லாங்குழல்கூட இல்லை, கீபோர்டில் வாசித்தது. வேறு எந்த இசையமைப்பாளரின் இசையைக் கேட்டும் இத்தனை பேர் பல்லைக் கடித்திருக்க மாட்டார்கள்.

மனைவி கதை வாசிப்பவள். வாரம் ஒரு கதை. அவள் வாசிப்பாள், நான் பதிவு செய்து, அடியில் இசை சேர்த்து அனுப்புவேன். டக்கிங்கைப் பற்றி உங்களுக்கே விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம்தான், இருந்தாலும் சொல்கிறேன். எது குரல், எது இசை என்று மென்பொருளுக்குக் காட்டிவிட்டால் போதும். குரல் வந்தால் இசை தானாகத் தணியும், குரல் நின்றால் எழும். முன்கூட்டியே தணியவைக்கிற ஏற்பாடும் அதில் உண்டு. அவள் மூச்சை இழுத்தாலே போதும், மாமனார் வருகிறார் என்றதும் எழுந்து நிற்கும் புது மாப்பிள்ளை மாதிரி என் புல்லாங்குழல் பதறி அடங்கிவிடும்.

இப்படியே பல வருடங்கள் போயின. நேயர்கள் அவளுக்கு நிறைய எழுதுவார்கள். படுத்த படுக்கையாக இருந்த ஒருவர், "அக்கா, உங்க குரல் கேக்குற நேரம் மட்டும் வலி தெரியல" என்று எழுதியிருந்தார். என் இசையைப் பற்றியும் ஒரே ஒருவர் எழுதினார். "பின்னாடி ஏதோ ஓடுதே, அத இன்னும் கொஞ்சம் கொறச்சா நல்லாருக்கும்." அவள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தாள். "பாத்தீங்களா, கடைசியில உங்களுக்கும் ஒரு ரசிகர் வந்துட்டாரு" என்றாள். வெறும் கேலி, அதில் விஷம் எதுவும் இல்லை. நானும் கூடச் சிரித்தேன். வயிறு எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரமே மாற்றினேன். இதுதான் குரல் என்று இசையைக் காட்டினேன், இதுதான் இசை என்று குரலைக் காட்டினேன். மென்பொருள் மறுபேச்சுப் பேசவில்லை, வீட்டில் எனக்கு அப்படிக் கீழ்ப்படிந்தது அது ஒன்றுதான். புல்லாங்குழல் எழும்போதெல்லாம் இனி அவள் குரல் தணியும். எவ்வளவு? ஒரு சிட்டிகை. அடுத்த வாரம் இன்னொரு சிட்டிகை. சட்டென்று செய்தால் குற்றம் மாதிரித் தெரிந்துவிடும் அல்லவா? வாக்கியங்கள் முடியும் இடமாகப் பார்த்து இசையை எழுப்பினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சிரத்தையாக நான் இசையமைத்ததே இல்லை.

நிறுவன மேலாளர் காரில் போகும்போதுதான் கதை கேட்பார். "மேடம் குரல் இப்பல்லாம் டல்லா இருக்கே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். அக்கறையுள்ள மனிதர். அவளும் வெளியான கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "ஏங்க, கடைசி வார்த்தையெல்லாம் முழுங்கிடுறேனா?" என்று என்னிடம் கேட்டாள்.

"கொஞ்சம்" என்றேன்.

குற்றம் என்று எதையாவது எழுதிக்கொள்வதானால் இந்த ஒரு சொல்லை எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் மென்பொருள் செய்தது.

ஒருநாள், "நான் பேசினத மட்டும் போட்டுக் காட்டுங்க, மியூசிக் வேணாம்" என்றாள். அங்கேயே எல்லாம் முடிந்திருக்க வேண்டியது. போட்டுக் காட்டினேன். அவள் ஹெட்போனை மாட்டுகிற இடைவெளியில் என் விரல் ஒலியளவை இறக்கிவிட்டிருந்தது. கண்ணை மூடிக் கேட்டாள். "ஆமா, எறங்கித்தான் போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள்மேல் எனக்குப் பாசம் பொங்கியது. அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

விடுமுறைக்கு வந்த மகள்தான் கொஞ்சம் தொந்தரவு செய்தாள். "அம்மா அடுப்படியிலேர்ந்து கூப்பிட்டா தெருமுன வரைக்கும் கேக்குது. குரலுக்கு என்னப்பா கொறச்சல்?"

"மைக்குல நிக்க மாட்டேங்குதும்மா. அம்மாவுக்கும் வயசாகுதுல்ல?" என்றேன். அவள் அம்மாவைவிட ஆறு வயது மூத்தவன் நான். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

என் மனைவி சும்மா உட்காருகிறவள் இல்லை. வெந்நீரும் கையுமாகத் திரிந்தாள். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்திப் பழகினாள். கழுத்து நரம்பு புடைக்கக் கதை வாசித்தாள். தாலாட்டு வருகிற இடத்தைக்கூட உரக்கத்தான் வாசித்தாள். அவள் ஏற்ற ஏற்ற நானும் இறக்க வேண்டியிருந்தது. எனக்கு மட்டும் வேலை குறைவாகவா இருந்தது?

பிறகு ஒரு காலையில் குரல் கட்டிக்கொண்டது, தெளியவே இல்லை. மருத்துவர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள புண்ணாகிக் கெடக்கு. யாரும்மா உங்கள இப்படிக் கத்தச் சொன்னது?" என்றார்.

"கத்தல டாக்டர். நான் பேசுறது யாருக்கும் கேக்கல, அதான்" என்றாள், காற்றாக.

நான் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "நீங்களாவது எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மருத்துவர் என்னைப் பார்த்தார். தப்புதான் என்று தலையாட்டினேன். அறுவைச் சிகிச்சை நடந்தது. புண் ஆறியது. குரல் திரும்பவில்லை. இன்றுவரை காதருகே போனால்தான் அவள் சொல்வது கேட்கும்.

அதற்குப் பிறகு என் இசையை மட்டும் தனியாக வெளியிட்டேன். யாருக்காகவும் தலை குனிய வேண்டியிராத புல்லாங்குழல், முழுசாக ஒரு மணி நேரம். பின்னூட்டம் ஒன்று வந்தது. "நல்லாருக்கு. கதை எப்ப ஆரம்பிக்கும்?"

சிரியுங்கள் தம்பி, நானே சிரித்தேன்.

நீங்கள் போனில் சொன்ன இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். அடியில் அவள் குரல் பழுதில்லாமல் அப்படியே இருக்கிறது, செட்டிங்கை நேராக்கினால் போதும், அம்மாவுக்கு ஒரு தடவையாவது போட்டுக் காட்டணும் என்றீர்கள். குரல் இருக்கிறது, உண்மை. மணி மாதிரி இருக்கிறது. ஆனால் தயவுசெய்து வேண்டாம். கத்துவதற்கு முன்பே வயசால் குரல் இறங்கிவிட்டிருந்தது என்று நம்பி இப்போதுதான் மனசைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள். நன்றாக இருந்த குரலை வீணாகக் கத்திக் கெடுத்துக்கொண்டோம் என்று தெரிந்தால் தாங்க மாட்டாள். எனக்காகக் கேட்கவில்லை, அவளுக்காகத்தான் கேட்கிறேன். கட்டியவன் இல்லாமல் வேறு யார் இதையெல்லாம் யோசிப்பார்கள்?

ஒரு நிமிடம், கட்டிலைத் தட்டுகிறாள். எழுந்துவிட்டாள் போலிருக்கிறது. இந்த இசையை நிறுத்திவிட்டு வருகிறேன். இப்போதெல்லாம் அவள் உதடு அசைந்தாலே போதும், வீட்டில் எது ஓடிக்கொண்டிருந்தாலும் உடனே தணித்துவிடுவேன். அந்த மரியாதையை நான் என்றைக்கும் அவளுக்குக் கொடுத்துத்தான் வந்திருக்கிறேன்.