நிமிடத்துக்கு ஆறு சென்டிமீட்டர்

தேநீர் நன்றாக இருக்கிறது. தானா ராத்தாவில் இப்படி ஒரு கோப்பை கிடைப்பது இப்போதெல்லாம் அபூர்வம். விசாரிக்கக் கூப்பிட்டவனுக்கு முதலில் குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ, அவருக்கு என் நன்றி.

உட்கார்ந்தே பேசுகிறேன். நின்று பேசிப் பார்த்ததில் நடந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள்.

என் பெயர் திருமாறன். ரிங்லெட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பொறியாளர். நம் மலைநாட்டுப் பொறியாளர் சங்கத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகச் செயலாளர். நாற்காலி போட்டவன், பதாகை கட்டியவன், மைக் இரைந்தால் ஓடிப்போய்த் தட்டியவன் எல்லாம் நான்தான். இந்த ஆண்டு தலைவர் பதவிக்கு நின்றேன். என்னை எதிர்த்து யுவனேஸ்வரி நின்றார். விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஹரிதாஸ் ஐயாவுக்கு இதெல்லாம் தெரியும். பதிவில் இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

யுவனேஸ்வரிமீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. புதிய தலைவராக இதோ எதிரே உட்கார்ந்திருக்கிறார், அவர் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன். மண்சரிவைத் தடுக்கும் சுவர்கள் கட்டுகிறவர். சங்கத்துக்கு வந்து இரண்டே ஆண்டு. அதற்குள் உறுப்பினர்களின் பிள்ளைகள் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம். எனக்கு உறுப்பினர் எண்கள் மனப்பாடம். ஆனால் ஓட்டுக் கேட்கப் போகும்போது எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

என் மனைவி திலகம் வேறு, கோயிலில் கண்டவரிடமெல்லாம் “இந்த வருஷம் எங்க வீட்டுக்காரருதான் தலைவரு” என்று சொல்லி வைத்துவிட்டாள். நானும் மறுக்கவில்லை. பத்தொன்பது வருடம் பந்தி பரிமாறியவனுக்கு ஒருநாளாவது இலை போட வேண்டாமா?

ஆகவே கொஞ்சம் யோசித்தேன்.

யாருக்கும் அடி படக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். நான் கொடியவன் அல்ல. யுவனேஸ்வரி கொஞ்சம் சிறுத்துப் போனால் போதும் என்றுதான் நினைத்தேன்.

பொதுக்கூட்டம் வழக்கம்போல எங்கள் தொழிற்சாலை மேல்மாடியில். வேட்பாளருக்குப் பத்து நிமிடம். மேடை போடுவது வழக்கம்போல நான். தேயிலை மூட்டைகளை லோரி மட்டத்துக்கு ஏற்ற எங்களிடம் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் தூக்குமேசை ஒன்று உண்டு. காலால் மிதித்தால் ஏறும், வால்வைத் திறந்தால் இறங்கும். அதை மேடையின் நடுவில், பேச்சாளர் நிற்கும் இடத்தில், மேடையோடு மட்டமாகப் பொருத்தினேன். அதன் அளவுக்குக் கம்பளத்தை வெட்டிப் போட்டேன். முன்னால், பேச்சாளரை மார்பளவு மறைக்கும் மரப் பேச்சுப் பெட்டி. அது அசையாது.

வால்வை மயிரிழை அளவுக்குத் திறந்து வைத்தால், நிற்பவரின் எடைக்குத் தக்கபடி மேசை இறங்கும். நான் குறித்த வேகம் நிமிடத்துக்கு ஆறு சென்டிமீட்டர். நிற்பவருக்கு உடனே தெரியாது. பார்ப்பவருக்கும் என்னவென்று பிடிபடாது. ஆனால் இந்த அம்மாவுக்குத் தலைவருக்கான உயரம் போதாதோ என்று மனத்தின் ஓரத்தில் ஒரு நினைப்பு விழும். பத்தாவது நிமிடத்தில் பேச்சுப் பெட்டிக்கு மேல் கொண்டை மட்டும் நின்று நன்றி சொல்லும். அவ்வளவுதான். பிறகு தேநீர் இடைவேளை. அந்த நேரத்தில் மேசையை மிதித்து ஏற்றி வால்வை மூடிவிட்டு, நான் முழு உயரத்தில் பேசுவேன்.

எடை தெரியாமல் வால்வைத் திறக்க முடியாது. ஒரு பெண்ணிடம் எடை கேட்பது நாகரிகமல்ல. எனவே ‘மேடைப் பாதுகாப்புப் படிவம்’ என்று ஒன்று அச்சடித்து வேட்பாளர் இருவருக்கும் கொடுத்தேன். நான் எண்பத்தெட்டு என்று நிரப்பினேன். யுவனேஸ்வரி எண்பத்தேழு என்று நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஆனால் ஒரு பொறியாளர் கையெழுத்திட்ட எண்ணை நான் சந்தேகிப்பதில்லை.

எண்பத்தேழு கிலோவுக்குத் தேயிலை மூட்டைகளை அடுக்கி மூன்று முறை சோதித்தேன். நேரம் சரியாக இருக்க வேண்டும் என்று பத்து நிமிடப் பேச்சு ஒன்றையும் படித்தேன். லோரி ஓட்டுநர் இருளப்பன் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான்.

“சார், மூட்டைக்கா பேசிக் காட்டுறீங்க?”

“ஆமா.”

“கைதட்டணுமா லா?”

வேண்டாம் என்றேன். மூன்று முறையும் அறுபது சென்டிமீட்டர். இம்மி பிசகவில்லை.

அன்று கூட்டத்தில் யுவனேஸ்வரி பேச ஏறினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம். ஐந்து நிமிடம். அவர் அடித்து வைத்த முளைபோல நின்றார். ஒன்பதாவது நிமிடத்திலும் மைக் அவர் வாய்க்கு நேராகவே இருந்தது. கைதட்டல் ஓய்வதற்குள், கூட்டத்தை நடத்திய ஹரிதாஸ் ஐயா எழுந்துவிட்டார்.

“மழ வரும்போல இருக்கு. ஈப்போகாரங்க நேரத்தோட மல எறங்கணும். டீ அப்புறம் குடிச்சிக்கலாம் லா. திருமாறன், நீங்க வாங்க.”

வால்வு அடைத்துக்கொண்டது என்றுதான் நினைத்தேன். எண்பத்தேழுக்கு அசையாத மேசை எண்பத்தெட்டுக்கு அசைந்துவிடுமா? ஏறி நின்றேன்.

மூன்றாவது நிமிடத்தில் மைக் என் மூக்குக்கு வந்தது. வளைத்துக் கீழே இறக்கினேன். ஐந்தாவது நிமிடத்தில் கண்ணுக்கு வந்தது. சங்கத்தை உயர்த்துவதற்கான ஏழு திட்டங்களில் நான்காவதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் நம் உறுப்பினர் ரூபன் எட்டிப் பார்த்து, “சார் ஏன் ஒக்காந்துட்டாரு?” என்று கேட்டது எனக்குக் கேட்டது. மேசையை விட்டு விலகியிருக்கலாம். விலகினால் காரணம் சொல்ல வேண்டும். ஆகவே பேசினேன். ஏழாவது திட்டத்தைப் பேச்சுப் பெட்டியின் பலகையைப் பார்த்துச் சொன்னேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது.

ஓட்டு முப்பத்துநாலுக்கு ஐந்து. தோல்வி எனக்குப் பெரிதல்ல. திலகம் ஒரு வாரம் கோயில் பக்கமே போகவில்லை, அதுவும் பெரிதல்ல. எண்பத்தேழுக்கு நகராத இயந்திரம் எண்பத்தெட்டுக்கு அறுபது சென்டிமீட்டர் இறங்கினால் என் கணக்கு எங்கே நிற்கிறது? இரண்டு வாரமாக அதையே போட்டுப் போட்டுப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. இந்தக் கையால் இருபத்திரண்டு வருடம் கொதிகலன்களுக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, ஐயா. உண்மையாகவே அழுதேன்.

இன்று வந்து உட்கார்ந்ததும் உங்கள் முடிவைப் படித்துக் காட்டினீர்கள். ‘மேடை அமைத்தவரின் கணக்குப் பிழையால் நேர்ந்த விபத்து. எச்சரித்து மன்னிக்கலாம்.’ தலையாட்டிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது யுவனேஸ்வரி எனக்காகப் பரிந்து பேசினார்.

“பாவம், விட்டுருங்க லா. அந்தப் படிவத்துல நான் அம்பத்தெட்டுக்கு ஒன்றர பேக்டர் போட்டுத்தான் எம்பத்தேழுன்னு எழுதினேன். இருந்தும் சாரு எங்கயோ சறுக்கிட்டாரு. யாருக்கும் நடக்குறதுதானே.”

ஐம்பத்தெட்டு.

பாரம் எவ்வளவு என்று கேட்டால் பாதுகாப்புக்குப் பாதி கூட்டி எழுதுவது நம் தொழிலின் பழக்கம். தன் உடம்புக்கே அப்படிக் கூட்டி எழுதுகிறவரை நான் பார்த்ததில்லை. அதைக் கேட்டதும் எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. எண்ணெய் கசியாமலிருக்க மேசைக்குப் புது சீல் மாற்றியிருந்தேன். பிடிப்பு அதிகம். அறுபது கிலோவுக்குக் கீழே அது நகராது. சோதனைத் தாளின் இரண்டாம் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஐம்பத்தெட்டுக்கு நிற்க வேண்டும், நின்றது. எண்பத்தெட்டுக்கு அறுபது சென்டிமீட்டர் இறங்க வேண்டும், இறங்கியது.

ஆகவே அந்த வரியை அடித்துவிடுங்கள். விபத்து இல்லை. நாற்பது பேர் முன்னிலையில் ஒரு பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மறைய வைக்க வேண்டும் என்று, முழு மனத்தோடு, மூன்று வாரம் திட்டமிட்டு நான் செய்தது. பொறாமைதான் காரணம் என்று எழுத விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ‘கணக்குப் பிழை’ என்பதில்தான் ஆட்சேபம்.

தாள்கள் இந்த உறையில் இருக்கின்றன. யுவனேஸ்வரி, நீங்கள் நல்ல பொறியாளர். ஒருமுறை சரிபார்த்து, கணக்குச் சரி என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் போலீஸைக் கூப்பிட்டாலும் எனக்குக் கவலையில்லை.