உறுப்பினர் வெளியிட்ட படமும் பூட்டுக்கடைத் தீயும்

பூட்டுக்கடை தீவைப்பு வழக்கில் சாட்சி தாமாக முன்வந்து கொடுத்த வாக்குமூலம். சாட்சியின் பெயரும் வீட்டு முகவரியும் நீதிமன்ற உத்தரவுப்படி தனி உறையில் இட்டு முத்திரையிடப்பட்டுள்ளன. வயது நாற்பத்து நான்கு. கண் மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கழுவிக் கொதிக்கவைக்கும் பிரிவில் வேலை. இவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட மூவரில் இளையவரின் தாய்.

நான் மேற்படி முகவரியில் கணவருடனும் ஒரே மகனுடனும் வசித்து வந்தேன். என் கணவர் குடிநீர் வாரியத்தில் தண்ணீர் லாரி ஓட்டுநர். சண்டை தொடங்கிய பிறகு எல்லையோர ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒருநாள் அவருடைய லாரி திரும்பவில்லை. வாரிய அலுவலகத்தில் விசாரித்ததற்கு, எல்லை தாண்டி வந்த படையினர் அவரை லாரியோடு பிடித்துப் போனதாகவும், அங்கே ஒரு சிமெண்டுக் கிடங்கில் பலரை அடைத்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், அதற்கு மேல் தங்களுக்குத் தெரியாது என்றும் சொன்னார்கள். அதன் பிறகும் நான் வேலைக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தேன். வீட்டில் உட்கார்ந்தால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்திருக்க வேண்டியிருந்தது.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் தம் சமூக வலைதளப் பக்கத்தில் ஒரு படத்தை வெளியிட்டார். தரையில் பல ஆண்கள் குப்புறக் கிடக்கும் படம். சிமெண்டுக் கிடங்கில் கைதிகளைக் கொன்றுவிட்டார்கள், அதில் நம் ஊர்த் தண்ணீர் லாரி ஓட்டுநரும் ஒருவர் என்று அதன் கீழே எழுதியிருந்தது. எனக்கு அதைச் சொன்னது பக்கத்து வீட்டம்மாள். அதற்கு முன் நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை, உறுப்பினரிடம் பேசியதும் இல்லை. இந்த வரிசையைச் சரியாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்று மதியம் உறுப்பினர் தம் உதவியாளருடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல் தரையில் உட்கார்ந்து அழுதார். முந்தைய சண்டையில் அவருடைய அண்ணன் காணாமல் போய் உடல்கூடக் கிடைக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். அந்த அழுகை பொய் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அதன் பிறகு கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, இது அவர்தானே என்று கேட்டார். நீலச் சட்டை போட்ட ஒருவரின் முதுகு தெரிந்தது. நான், "சட்டை அவரு சட்டை மாதிரி இருக்கு. முகம் தெரியலையே" என்றேன். இதை யார் எடுத்தார்கள், எப்படி வந்தது என்றும் கேட்டேன்.

"கிடங்குப் பக்கத்துல இருக்கிற ஒருத்தர் அனுப்பினார்னு நம்ம பசங்க சொன்னாங்க. நெருப்பில்லாம புகையுமாம்மா? ஒவ்வொண்ணா சரிபார்த்துக்கிட்டு இருந்தா, உள்ள உசுரோட இருக்கிறவங்களும் போயிடுவாங்க" என்றார்.

அப்போது எனக்கு அது நியாயமாகவே பட்டது. சாயங்காலம் அவருடைய பக்கத்தில் இரண்டாவது செய்தி வந்தது. ஓட்டுநரின் உடலை மனைவியே அடையாளம் காட்டினார் என்று இருந்தது. நான் சொன்ன 'மாதிரி' அதில் இல்லை, முகம் தெரியவில்லை என்றதும் இல்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் அன்று நான் அதைப் படிக்கவில்லை. என் மகன் படித்தான். அவனுக்கு இருபது வயது, மின்வேலை கற்றுக்கொண்டிருந்தான். அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. என்னிடம் வந்து, "நீயே பார்த்துச் சொன்னியாம்மா?" என்று மட்டும் கேட்டான். நான் ஆமாம் என்பதுபோலத் தலையை அசைத்துவிட்டேன்.

மறுநாள் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். உறுப்பினர் யாரையும் அடி என்றோ கொளுத்து என்றோ சொல்லவில்லை. "அவங்க ஆளு நம்ம தெருவுலயே உக்காந்து நம்ம வீட்டுக்குச் சாவி போட்டுக் கொடுக்கிறான். நாம நிம்மதியாப் பூட்டிட்டுத் தூங்குறோம்" என்றார். கூட்டம் சிரித்தது. எங்கள் வட்டாரத்தில் சாவி போடுகிறவர் ஒருவர்தான். அவர் எல்லைக்கு மறுபக்கத்து மக்களைச் சேர்ந்தவர், என் மகன் பிறப்பதற்கு முன்பே இங்கே குடிவந்தவர். மகன் சின்னப்பிள்ளையாக இருந்தபோது குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதான், அவனிடம் வெளியிலிருந்து கதை சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தவர் இந்தப் பூட்டுக்காரர்தான். மேடையில் எனக்கு அது ஞாபகம் வந்தது. நான் எழுந்து ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு என் மகன் வீடு வந்தபோது மண்ணெண்ணெய் வாடை அடித்தது. நான் கேட்கவில்லை. பொழுது விடிந்து தெருவில் பேசிக்கொண்டபோதுதான், பூட்டுக்கடைக்குத் தீ வைத்தார்கள் என்றும், பூட்டுக்காரர் உள்ளே பட்டறையில் இருந்தார் என்றும் தெரிந்தது. அவருடைய வலது கை விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதன் பிறகு காவலர்கள் வந்து மகன் எங்கே என்று கேட்டார்கள். உள்ளே இருக்கிறான் என்று நான்தான் கதவைத் திறந்துவிட்டேன்.

அதன் பிறகு சில வாரங்கள் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அந்த நாட்களில் கண்டவர்களும் கூப்பிட்டுத் துக்கம் விசாரித்ததால் இரண்டு முறை துண்டித்தேன். மூன்றாவது முறை எடுத்ததும், "வச்சிடாத. நான்தான். எனக்குக் காரியமே முடிச்சிட்டீங்களாமே?" என்று என் கணவரின் குரல் கேட்டது. கைதிகள் பரிமாற்றத்தில் விடுவித்திருந்தார்கள். இங்கே அவர் இறந்தவர் என்பதை எல்லையில் இருந்த அலுவலர் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டிருக்கிறார். மகன் சிறையில் இருப்பதை நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

வீடு வந்த என் கணவருக்கு இடது காது கேட்கவில்லை. கிடங்கில் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததில் போய்விட்டது. அங்கே ஒரு பள்ளிக்கூடக் கணக்கரை மூன்று நாள் தண்ணீர் கொடுக்காமல் அடித்தார்கள் என்றும், அவர் தன் மடியில் தலை வைத்தபடியே இறந்தார் என்றும் சொன்னார். உறுப்பினர் வெளியிட்ட படம் வேறு ஏதோ நாட்டில், பல வருடங்களுக்கு முன் நடந்த சுரங்க விபத்தில் எடுத்தது என்று அதற்குள் பத்திரிகையில் வந்துவிட்டது. மறுபக்கத்துத் தொலைக்காட்சியில் என் கணவர் பேருந்திலிருந்து இறங்குவதைத் திரும்பத் திரும்பக் காட்டி, கொலை செய்யப்பட்டவர் இவர்தான் என்று சிரித்தார்கள்.

அதன் பிறகு கைதிகள் விசாரணைக் குழுவிடம் நடந்ததைச் சொல்ல என் கணவரும் அந்தக் கணக்கரின் மனைவியும் நானும் போனோம். அங்கிருந்த அலுவலர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இறந்துபோனவர் நீங்கதானா?" என்று கேட்டார். பாதிப் பக்கம் எழுதினார். கூப்பிடுவதாகச் சொன்னார், கூப்பிடவில்லை. படியிறங்கும்போது கணக்கரின் மனைவி என் கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப எங்க வீட்டுக்காரர் செத்ததையும் நம்ப மாட்டாங்களாண்ணே?" என்று கேட்டார். அவர் பேசியது கேட்காத காதுப் பக்கம். நான் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அதன் பிறகு நானும் கணவரும் உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனோம். அவர் என் கணவரைக் கட்டிப்பிடித்தார். இரண்டு செய்திகளையும் தம் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"எடுத்தீங்க, சரி. தப்புன்னு சொல்லலையே" என்றேன்.

"இப்ப அப்படிச் சொன்னா, நாமளே கத்தியைத் தீட்டி எதிரி கையில கொடுத்த மாதிரி ஆயிடும்மா. அவங்க அடிச்சது உண்மைதானே? ஆளு மாறிப்போச்சு, விஷயம் மாறலையே?" என்றார்.

என் கணவர், அந்த உண்மையைச் சொல்லத்தான் போனோம், செத்தவன் சொல்கிறான் என்று அனுப்பிவிட்டார்கள் என்றார். உதவியாளர் வந்து கூட்டத்துக்கு நேரமாயிற்று என்றதும் உறுப்பினர் எழுந்து போனார்.

அதன் பிறகு அந்த உதவியாளர் என் கொழுந்தனைப் பார்த்துப் பேசியிருக்கிறார். படத்தில் இருப்பது என் கணவர் என்று உறுப்பினரிடம் முதலில் சொன்னது நான்தான் என்று வாக்குமூலம் கொடுத்தால், மகனுக்குப் பெரிய வக்கீல் வைத்து வெளியே கொண்டுவருவதாகச் சொன்னாராம். கொழுந்தன் எங்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணி, முன்னாடி சொன்னதைப் பின்னாடின்னும் பின்னாடி சொன்னதை முன்னாடின்னும் மாத்துறதுதானே? நம்ம பிள்ளை அண்ணி" என்றார். அவர் கெட்டவர் இல்லை, என் மகனைத் தோளில் தூக்கி வளர்த்தவர். நான் உடனே முடியாது என்று சொல்லவில்லை. சில நாட்கள், முதலில் சொன்னது நான்தான் என்பதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கருவிகளைக் கழுவும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. இதனால் மகனுக்கு அந்த வக்கீல் கிடைக்க மாட்டார் என்பது தெரிந்தே சொல்கிறேன்.

மகன் செய்ததை உறுப்பினர் தலையில் கட்ட நான் இங்கே வரவில்லை. தீ வைத்தது என் மகன். தலையை அசைத்ததும் மேடையில் வாய் மூடி இருந்ததும் நான். தெரியாததைத் தெரிந்ததுபோல ஊருக்குச் சொன்னது உறுப்பினர். அவரவர் செய்ததை அவரவர் பெயரில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சென்ற வாரம் என் கணவர் முதல் முறையாகச் சிறைக்கு வந்தார். மகன் கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று அவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு, "நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சுதான்பா…" என்று தொடங்கினான். என் கணவர் நல்ல காதைக் கம்பியோடு வைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "நான் செத்தே போயிருந்தாலும், அந்த மனுஷன் என்னடா பண்ணினாரு?" என்றார். மகன் கம்பியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். நேரம் முடிந்ததென்று காவலர் சொல்லும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.

இவ்வளவும் நான் என் வாயால் சொல்ல எழுதப்பட்டது. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னபடியே இருக்கிறது. கண்ணால் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை.

(சாட்சியின் கையொப்பம்)
என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது: (விசாரணை அலுவலரின் கையொப்பம்)