தாள் ஒட்டிக்கொண்டது

நீடாமங்கலம் வட்டாரத்து வாகன உரிமையாளர்கள் சகலருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், எஞ்சினும் மூச்சு விடும். வயிற்றில் சேரும் புகையை இழுத்துக்கொள்ள ஒரு வழி, நல்ல காற்று உள்ளே வர ஒரு குழாய். இந்த மகா ரகசியத்தைக் குவைத்திலிருந்து கொண்டுவந்தவன் சிங்கராயர்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நாங்கள் இருவரும் ஒரே பட்டறையில் தொழில் பழகியவர்கள். விசா அவனுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. திரும்பி வந்தவன் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் பட்டறை போட்டான். வண்டியை நின்ற இடத்தில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயைத் திறந்து, காலண்டரில் கிழித்த தேதித்தாளை அதன்மேல் வைப்பான். ஒட்டிக்கொண்டால் எஞ்சின் சுகம், பறந்தால் கோளாறு. ராகுகாலம் அச்சடித்த தாளுக்கு மாதாகோயில்காரன் ஒருவன் இத்தனை மரியாதை வாங்கிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் நான் பழுதுபார்த்த வண்டியில் தாள் பறந்தது. "ரெமிஜியஸ்ட்ட பாத்ததா? பாவம், அவனுக்கு யாரு சொல்லித்தந்தா?" என்றானாம். திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். பிறகு பூசைக்குப் போனால்கூட, மூச்சு சரியா வருதா என்று என்னைக் கேட்டார்கள்.

அவன் சோதனையில் ஒரு குறை உண்டு. காற்று வரும் குழாயை அடைத்துவிட்டால், தாள் இன்னும் இறுக்கமாக ஒட்டும். பாரம் ஏற்றி விரட்டும்போதுதான் புகை முட்டி ஆயிலை வெளியே தள்ளும். குவைத்தில் இதைச் சொல்லித்தரவில்லை போலும்.

அன்று கேட் சாத்தியிருந்தது. செல்லதுரை தன் ஆம்னி வேனை வரிசையில் விட்டு டீக்கடைக்கு வந்தான். சிங்கராயரிடம் காட்டிவிட்டு, மனைவி காத்தாயியை ஏற்றிக்கொண்டு மன்னார்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறானாம். அவன் டீ குடித்து முடிப்பதற்குள் நான் வேனின் சீட்டைத் தூக்கி, அந்தக் குழாயில் கந்தலைத் திணித்தேன்.

கேட் திறந்ததும் நானும் அந்தப் பக்கம் போய்க் கூட்டத்தோடு நின்றேன்.

"பாருங்கண்ணே, எப்புடி ஒட்டிக்கிச்சு. தைரியமாப் போங்க," என்றான் சிங்கராயர்.

கசிந்த ஆயில் கொதிக்கும் புகைக்குழாயில் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தொழில் அது. மன்னார்குடி சாலையில் வேன் பற்றிக்கொண்டதும் செல்லதுரை குதித்துவிட்டான். பின்னால் இருந்த காத்தாயிக்குக் கதவு திறக்கவில்லை.

சிங்கராயரைப் பிடித்தீர்கள். "போகச் சொன்னது நான்தாங்க, தப்பு என்னோடதுதான்," என்று அழுதான். இப்போது கோயிலில் அவன் பேரைச் சொல்லிச் செபிக்கிறார்கள். மனைவியைப் பறிகொடுத்த செல்லதுரையே அவனுக்குச் சோறு கொண்டுவருகிறான்.

மனசாட்சி உறுத்தி வந்ததாக எழுதிக்கொள்ளுங்கள். காத்தாயியைக் கொன்றது நான். இந்தப் பேரையும் அவனே எடுத்துக்கொள்ள விடமாட்டேன்.