ஒன்பதாவது தூக்கம்

— எட்டுத் தடவை தூங்க வெச்சுப் பார்த்தாச்சு. நாலு தடவை தூங்கினா, நாலு தடவை கத்தித் தெருவையே கூட்டினா. இதைச் சொல்ல ஒரு அட்டவணை வேணுமா, சயின்டிஸ்ட் அம்மா?

— மெதுவாப் பேசுங்க. இது வீடு, நீங்க ஓட்டுற நைட் பஸ் இல்ல.

— அந்த பஸ்ல நாப்பது பேரை உக்காந்தபடியே தூங்க வெச்சவன் நான். இந்த நாலு மாசக் குட்டிகிட்ட தோத்து நிக்கறேன். சரி, அட்டவணை என்னதான் சொல்லுது?

— தோளா, தொட்டிலா? பாட்டா, அமைதியா? ஜன்னல் மூடியா, திறந்தா? ஃபேன் வேணுமா, வேண்டாமா? நாலு விஷயம். தனித்தனியாப் பார்த்தா எதுவுமே காரணம் இல்ல.

— அட போம்மா! அப்போ இத்தனை நாளும் வேஸ்ட்டா?

— ஜோடியாப் பாருங்க. தோள்ல போட்டுப் பாடினப்ப தூங்கினா. தொட்டில்ல போட்டு நீங்க வாயை மூடிக்கிட்டப்பவும் தூங்கினா. மாத்திச் செஞ்சா அழுதா.

— நான் அப்பவே சொல்லல, என் பாட்டுல ஏதோ இருக்குன்னு?

— இன்னும் முடிக்கல. ஜன்னலை மூடி ஃபேன் போட்டப்ப தூங்கினா. திறந்து வெச்சு ஃபேனை நிறுத்தினப்பவும் தூங்கினா. மாத்திச் செஞ்சா அழுதா.

— அதே நாலு தடவையா?

— அதே நாலுதான்.

— அப்போ எந்த ஜோடி?

— தெரியாது.

— தெரியாதா! உங்க லேப்ல செய்யற பெயிண்ட் எப்படித்தான் சுவத்துல நிக்குது?

— பெயிண்ட்லயும் இதே கதைதான். எல்லா விதமாவும் பார்க்கணும்னா பதினாறு தூக்கம். ஒரு நாளைக்கு ரெண்டுன்னா எட்டு நாள். லீவு முடிய அஞ்சு நாள்தான் இருந்துச்சு. அதனால பாதியை மட்டும் பொறுக்கி எடுத்தேன். நாள் மிச்சம். ஆனா பாதியை விட்டா ஜோடிங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். எது வேலை செஞ்சுதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது.

— தெரிஞ்சேவா செஞ்சே?

— தெரிஞ்சேதான். ஏதாவது ஒண்ணு தனியா மாட்டும்னு நம்பினேன். உங்க பொண்ணு ஜோடி கேப்பான்னு நினைக்கல.

— அப்பன் புத்தி. பிஸ்கட் இல்லாம நான் என்னிக்காவது டீயைத் தொட்டிருக்கேனா?

— சிரிக்காதீங்க. நாளைக்குக் காலைல நான் வேலையில சேரலேன்னா அந்த இடத்துல வேற ஆளைப் போட்டுருவாங்க. சேர்ந்தா, மத்தியானம் இவளோட நீங்க தனியா. இவ இங்க கத்திட்டு இருந்தா எனக்கு அங்க கை ஓடுமா? இன்னும் லீவு வேணும்னு லெட்டர் எழுதி வெச்சிருக்கேன். அனுப்பத்தான் மனசு வரல.

— எழுதினது அப்படியே கிடக்கட்டும். இன்னைக்கு மத்தியானத் தூக்கம் ஒண்ணு பாக்கி இருக்கே?

— அதைத்தான் யோசிக்கறேன். ரெண்டு ஜோடியும் இதுவரைக்கும் ஒண்ணாவே தலையாட்டிச்சு. இப்ப அதுங்களுக்குள்ள சண்டை மூட்டி விடலாம். நீங்க தோள்ல போட்டுப் பாடுங்க. நான் ஜன்னலை மூடிட்டு ஃபேனை நிறுத்தறேன். தூங்கினா உங்க பாட்டு. தூங்கலேன்னா ஜன்னலும் ஃபேனும்.

— ஒரே தடவையில தெரிஞ்சிடுமா?

— சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கையில இருக்கற ஒரு தூக்கத்துல இதைவிட நல்லதாக் கேக்க முடியாது.

— இந்த வெக்கையில ஃபேன் இல்லாமயா? வெந்து போயிடுவேனே!

— பத்தே நிமிஷம். நான் மேஜையில உக்காந்து குறிச்சுக்கறேன். ம், ஆரம்பிங்க.

— வாடி என் பட்டு, அப்பாவை ஜெயிக்க வை. டிப்போ விட்டு வண்டி போகுது… கண்ணு ரெண்டும் சொக்கிப் போகுது…

— சுருதி எங்கங்க?

— டிப்போல இறங்கிடுச்சு. குறுக்கே பேசாதே. அடுத்த ஸ்டாப்பு தூக்கம்… படியில யாரும் நிக்காதீங்க… எத்தனை நிமிஷம் ஆச்சு?

— நாலு. நிறுத்தாதீங்க. கேக்க… நல்லாத்தான் இருக்கு.

— அடடா, கல்யாணமான அஞ்சு வருஷத்துல முதல் தடவை! முன்னால நகருங்க… மெல்ல நகருங்க… இப்ப எத்தனை?

— ம்… ஆறு… ஆறா… ம்…

— அடுத்த ஸ்டாப்பு தூக்கம்… ஏம்மா, இவ கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு என் மீசையைப் பிடிச்சு இழுக்கறா. பாட்டு தோத்துப் போச்சு, ஜன்னலும் ஃபேனும்தான்னு எழுதிக்கோ. ஆனா அழவும் இல்லையே, அதை எந்தக் கட்டத்துல போடுவே? ஏய், உன்னைத்தான்… உஷ்! பட்டு, சிரிக்காதே, அங்க பாரு. நாலு மாசமாக் கண்ணை மூடாத உங்கம்மா அந்த லீவு லெட்டர் மேலேயே தலையை வெச்சுத் தூங்கிட்டா. வா, சத்தமில்லாம ஜன்னலைத் திறப்போம். நாளைக்கு நீயும் நானும் அம்மா இல்லாமத் தனியாச் சமாளிக்கணுமே, அதை இப்பவே ஆரம்பிச்சுட்டோம்.