பேச்சியம்மாளின் கார்டு

ஓடுகிறேன். புகையில் எதுவும் தெரியவில்லை. மதியம் ஒன்று நாற்பது. மேலே டியூப்லைட்டுகள் வெடிக்கின்றன. டப். டப். ஃபோம் அடுக்கு எரிகிறது. கார் சீட்டுக்குள் வைக்கிற பஞ்சு அது. புகை கறுப்பு. மூச்சு இழுத்தால் நெஞ்சு எரிகிறது.

2004. ஓரகடம் பக்கம் கார் சீட் செய்கிற கம்பெனியின் ஷெட். முதல் ஷிப்ட் முடிய இருபது நிமிடம் இருந்தது. அன்று கிருத்திகை. நான் பிள்ளைப்பாக்கத்துக்காரி. வல்லக்கோட்டை முருகனுக்கு விரதம். காலையிலிருந்து தண்ணீர்தான்.

"குனிஞ்சிகினு வாங்கடீ! ஷட்டர் பக்கம்!" கத்துவது நான்தான்.

எனக்குப் பெரிய வேண்டுதல் எதுவும் தெரியாது. "முருகா, இப்ப இன்னா?" என்று மட்டும் கேட்பேன். பதில் குரல் எதுவும் வராது. செய்ய வேண்டியது ஒன்று கண்ணில் படும். செய்வேன். அதற்கு அடுத்தது என்னவென்று கேட்க மாட்டேன். அன்றும் அப்படித்தான். துப்பட்டாவை நனை. நனைத்தேன். சுவரைப் பிடி. பிடித்தேன்.

அப்போது அந்தச் சத்தம். டொக். கொஞ்சம் விட்டு, டொக்.

பஞ்ச் மெஷின். வரும்போதும் போகும்போதும் கார்டைச் செருகி நேரம் அடிக்க வேண்டும். அடிக்காமல் போனால் அரை நாள் சம்பளம் போச்சு. தீப்பிடித்த ஷெட்டில் வரிசையாக நின்று கார்டு அடிக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் பழகிய கை தானாகப் போகும்.

முருகா, இப்ப இன்னா? திரும்பிப் போ. எனக்கு இஷ்டமே இல்லை. போனேன்.

மூன்று பேர் நின்றார்கள். கடைசி ஆள் பேச்சியம்மாள். சங்கரன்கோவில் பெண். லைனில் எனக்குப் பக்கத்து இடம்.

"கார்டு கெடக்கட்டும், வாடீ!"

"அரை நாளப் புடிச்சிருவாங்கல்லா, பிள்ள!"

டொக். ஒன்று நாற்பத்து நான்கு.

அவள் கையைப் பிடித்துவிட்டேன். கூரைத் தகடு ஒன்று எங்கள் நடுவே விழுந்து, அவர்கள் மூவருக்கும் ஷட்டர் வழியை அடைத்தது. என் வலது கை வெந்தது. அவள் கை நழுவியது. "பின் கதவு! பின் கதவு!" என்று யாரோ கத்தினார்கள். மூவரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். அந்தக் கதவில் சங்கிலி. டீ குடிக்க நழுவுகிறார்கள் என்று சூப்பர்வைசர் போட்ட பூட்டு. சாவி அவர் பாக்கெட்டில். அவர் வெளியே. நான் தரையோடு ஊர்ந்து ஷட்டருக்கு வந்து விழுந்தேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

மூன்றாம் நாள் மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஆப்பிள், ஒரு காகிதம்.

"எல்லாம் கடவுள் சித்தம்மா. நம்ம கையில என்ன இருக்கு?"

படித்தேன். மூவரும் கார்டு அடித்து வெளியே போய்விட்டார்களாம். சாப்பாட்டுப் பையை எடுக்க அவர்களாகவே உள்ளே வந்தார்களாம். பின் கதவு திறந்திருந்ததாம். அடியில் என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"கார்டுலயே டைம் இருக்குல்ல. உன் தம்பியும் இங்கதான வேலை பாக்குறான்?"

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. முருகனா போய்ப் பூட்டு வாங்கினான்? அவனா சங்கிலியைச் சுற்றினான்? 'அவன் விட்ட வழி' என்று நானும் சொல்வேன். சொல்லிவிட்டு எழுந்து ஆகவேண்டியதைப் பார்ப்பேன்.

முருகா, இப்ப இன்னா? புகைக்குள் கிடைத்த மாதிரியே சின்னதாகத்தான் கிடைத்தது. போடாதே. தம்பியின் வேலை என்ன ஆகும் என்று முருகன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"போட மாட்டேன் சார். கதவு பூட்டிக் கெடந்துச்சு. எங்க வேணா வந்து சொல்லுவேன்."

சொன்னேன். விசாரணை அதிகாரியிடம் சொன்னேன். போலீசில் சொன்னேன். சங்கரன்கோவில் போய்ப் பேச்சியம்மாளின் அம்மாவிடம் சொன்னேன். என் வாயை விடக் கார்டைத்தான் நம்பினார்கள். அந்த அம்மா மட்டும் என்னை நம்பினார். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

என் வேலை போனது. தம்பி வேலை போனது. வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை. கம்பெனிக் காகிதப்படி, ஒன்று நாற்பத்து நான்குக்குப் பிறகு ஷெட்டுக்குள் வேலையில் இருந்தவர் யாரும் இல்லை.

நான் எண்ணுகிறேன். மல்லிகா, பத்தொன்பது வயது. ஜோதி, இருபத்து நான்கு. பேச்சியம்மாள், இருபத்தொன்று.

மூன்று பேர். வெளியே போகவே இல்லை. உள்ளேதான் இருந்தார்கள்.